கழுத்து மட்டும் பாக்கி

அந்தக் கடையில் துணியைத் துணி என்று யாரும் சொல்வதில்லை. துணிக்கு உரியவர் யாரோ, அவர் பேர்தான் துணிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

"டாக்டரம்மா எங்கப்பா?" என்று வெட்டு மேசைக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் கேட்பார்.

"அயர்ன் பாக்ஸுக்குக் கீழ கிடக்காங்க மாமா" என்பான் மிஷினில் இருக்கும் மச்சினன்.

"நல்லாத் தண்ணி தெளிச்சுத் தேய். போன தடவை முதுகுல சுருக்கம்னு திட்டிட்டுப் போனாங்க. ஹெட்மாஸ்டர் என்ன ஆனார்?"

"கால் ரெண்டும் ஆச்சு. இடுப்புதான் நிக்கமாட்டேங்குது."

"அவருக்கு எப்ப நின்னுச்சு? ரெண்டு இஞ்ச் விட்டுப் பிடி."

பெஞ்சில் காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்து டீச்சர் உள்ளே நுழையும் நேரம், மாஸ்டர் தலை நிமிராமல், "டீச்சர இன்னைக்கே பிரிச்சுப் போட்டுடு, தோள் சரியில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "என்னைப் பிரிக்கறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றார் டீச்சர். மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அடுத்த நிமிஷமே, "டீச்சரோட கை எங்கடா?" என்று கேட்டார். பழக்கம் அப்படி.

மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய கடை அது. பின்பக்கம் போலீஸ் குடியிருப்பு. அதனால் மாஸ்டருடைய அளவு நோட்டில் பாதிக்கு மேல் சீருடைக்காரர்கள். பேர், பதவி, வீட்டு எண், எத்தனை மணிக்கு டியூட்டி முடிந்து வீட்டில் இருப்பார் என்பது வரை எழுதி வைத்திருந்தார். துணியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதில்லை அல்லவா? மாஸ்டர் எதிலும் அப்படி ஒழுங்கு.

மாஸ்டர் மனைவிக்குத் தெருவில் பட்டனக்கா என்று பேர். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, கீழ்மடிப்புக்குக் கைத்தையல் போடுவது எல்லாம் வீட்டில் அவள் வேலை. காலையில் சோறு வடித்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெளிச்சம் போகும்வரை எழுந்திருக்க மாட்டாள். காஜா எடுத்து எடுத்து வலது கட்டைவிரல் நகத்துக்குப் பக்கத்தில் தோல் மரத்துப் போயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. கடைத்தெருவில் மின்சாரம் போய்விட்டது. புதிதாக வந்திருந்த பெரிய ஆபீசருக்கு ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்புக்குச் சீருடைச் சட்டை வேண்டும். மாஸ்டர் வெட்டி, உடம்பு தைத்தாகிவிட்டது. கரண்ட் இல்லாமல் மிஷின் ஓடாது, வீட்டில் கால் மிஷின் இருக்கிறது, காஜா வேலையாவது முடியட்டும் என்று துணியைப் பொட்டலமாகக் கட்டி மச்சினனிடம் கொடுத்தனுப்பினார். பிறகு பட்டனக்காவுக்குப் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். ஆனால் போய்ச் சேர்ந்தது அவளுக்கு அல்ல. போன் பட்டியலில் அவள் பேருக்கு மேலேயே தெருக்காரர்களின் தண்ணீர்க் குழு இருந்தது, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லிக்கொள்ளும் குழு. இருநூறு பேர். சுண்ணாம்புக்கட்டி பிடித்த ஈரக் கை, திரையில் வழுக்கி அதன்மேல் பட்டுவிட்டது.

"பெரிய ஆபீசர வெட்டியாச்சு. உடம்பையும் கை ரெண்டையும் உன் தம்பி எடுத்துட்டு வரான், நீ உன் வேலையப் பாத்து வை. கழுத்து மட்டும் பாக்கி. ஞாயித்துக்கிழமை அணிவகுப்பு, அதுக்குள்ள ஆள முடிச்சுரணும்."

குழுவில் மூன்று பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். ஒருவர், "மாஸ்டர், கழுத்த அப்புறம் பாத்துக்கலாம், தண்ணி எப்ப வரும்?" என்று கேட்டிருந்தார். மாஸ்டரும், "மன்னிக்கவும், வீட்டுக்கு அனுப்பியது" என்று எழுதினார். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் வேறு ஊரில் ஒரு அதிகாரியை நடுத்தெருவில் வெட்டிப் போட்டிருந்தார்கள். சந்தேகமாக எதைக் கேட்டாலும் தெரிவியுங்கள் என்று தினமும் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இருநூறு பேரில் யாரோ ஒருவர் தெரிவித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். முட்டை உடைத்து ஊற்றின குழம்பு. ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருத்தரும் குடியிருப்பு முகம் இல்லை, எல்லாம் வெளி ஆட்கள்.

"இது உங்க குரலா?" என்று ஒருவர் போனைப் போட்டுக் காட்டினார்.

"என் குரல்தான் சார். தப்பா குரூப்ல போயிடுச்சு. உக்காருங்க. சாப்பிட்டீங்களா?"

"யார வெட்டியாச்சு?"

"பெரிய ஆபீசர சார்."

பட்டனக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஐயோ, துணி சார், துணி! இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவார்" என்றாள்.

"நீங்க பேசாதீங்கம்மா."

பிறகு கடையைத் திறக்கச் சொன்னார்கள். அளவு நோட்டு, பன்னிரண்டு அங்குல வெட்டுக் கத்தரி, சுண்ணாம்புக்கட்டிகள், ஆணியில் தொங்கின அட்டை மாதிரிகள் எல்லாம் எடுத்தார்கள். அட்டைகளில் 'முதுகு', 'இடது கை', 'கழுத்து' என்று மாஸ்டர் தன் கையால் எழுதி வைத்திருந்தார். பட்டியல் எழுதியவர், "மனித உடல் உறுப்புகளின் வரைபடங்கள், பதினேழு" என்று எழுதினார். மாஸ்டர் எட்டிப் பார்த்து, "பதினெட்டு சார், பாக்கெட்ட விட்டுட்டீங்க" என்றார். ஒழுங்கு பார்த்தே பழகின மனுஷன்.

"அரை மணி நேரத்துல வந்துடுவேன்" என்று பட்டனக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். "குழம்ப மூடி வை."

பட்டனக்கா மூடி வைத்தாள். மறுநாள் அதைத் தெருவில் கொட்டினாள். அவள் தம்பியையும் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். என்ன கேட்டார்கள் என்று அவன் சொல்லவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் பெடலில் கால் மட்டும் நடுங்கியது.

திங்கட்கிழமை அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் அவளுக்குப் பழக்கம்.

"வாங்கக்கா, உக்காருங்க" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"தம்பி, நீங்க போட்டிருக்கற பேண்ட் யாரு தச்சது?"

"மாஸ்டர்தான்."

"போன மாசம் உங்கள வெட்டும்போது நீங்க பக்கத்துலயே நின்னுட்டிருந்தீங்க. கால் நீளம் பத்தலன்னு சண்டை போட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா. சத்தமாப் பேசாதீங்க."

"அப்ப நீங்க சொல்லலாமில்ல? தையக்கடையில வெட்டறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமே."

ரைட்டர் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"எனக்குத் தெரியும். இங்க இருக்கற அத்தனை பேருக்கும் தெரியும். அடிதடி, திருட்டுன்னா நானே ஐயாகிட்ட பேசி முடிச்சிருப்பேன். இது அந்தத் தீவிரவாதச் சட்டத்துல போட்டாச்சுக்கா. மேல இருந்து தனியா ஆள் வந்து பாக்கறாங்க. எங்களுக்கு ஃபைலக் கூடத் தொட அனுமதி கிடையாது. சட்டை தைக்கக் குடுத்த ஆபீசரே வாயத் திறக்கல. நான் போய் இது துணின்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும், உனக்கும் அவனுக்கும் என்ன பழக்கம்னு கேப்பாங்க."

"பேண்ட் தச்ச பழக்கம்."

"அத நான் எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தா அதுவே ஃபைல்ல ஏறிடும்." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "டீ சொல்லட்டுமா?"

அவள் டீ வேண்டாம் என்றாள். வெளியே வரும்போது ரைட்டர் எழுந்து நின்றார். அந்த பேண்ட் அவருக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று அவளுக்கு அப்போதும் கண்ணில் பட்டது. அதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

வக்கீலம்மா சின்ன வயசு. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறையில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி. இந்தச் சட்டம் என்று கேட்டதும் மற்ற மூன்று வக்கீல்கள் கைவிரித்த பிறகு இவர்தான் ஒப்புக்கொண்டார். நல்ல பெண். பட்டனக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"எப்ப விடுவாங்கம்மா?"

"குற்றப்பத்திரிகை போடவே ஆறு மாசம் வரைக்கும் அவங்களுக்கு நேரம் இருக்கு."

"ஆறு மாசம் கழிச்சு?"

"போடுவாங்க. போட்ட பிறகு வழக்கு. அது எத்தனை வருஷம்னு சொல்ல முடியாது."

"ஜாமீன்?"

"சாதாரண வழக்குன்னா ஜாமீன் குடுக்கறது வழக்கம், மறுக்கறதுக்குத்தான் காரணம் வேணும். இதுல தலைகீழ். மேலோட்டமாப் பாத்தா குற்றம் மாதிரி தெரிஞ்சாலே போதும், குடுக்க மாட்டாங்க. இல்லன்னு நாமதான் காட்டணும்."

"செஞ்சார்னு அவங்க காட்டணுமா, செய்யலன்னு நாங்க காட்டணுமா?"

"இப்போதைக்கு நாம."

"செய்யாதத எப்படிம்மா காட்டறது?"

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சொல்லிக் குடுத்தது யாரு? அதாவது தெரியுமா?"

"அத ரகசியமா வைக்க இந்தச் சட்டத்துல இடம் இருக்கு. கோர்ட்லயும் பேர் சொல்ல மாட்டாங்க."

காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வக்கீலம்மா கேட்டார்: "அந்த ஆபீசரோட துணி இப்ப எங்க இருக்கு? கடையிலேருந்து எடுத்துட்டுப் போன பட்டியல்ல அது இல்லையே?"

"ஆபீசர் எங்க வீட்லதான் இருக்கார்" என்றாள் பட்டனக்கா. "பீரோவுக்குள்ள."

வக்கீலம்மா ஒரு கணம் வெலவெலத்துப் போனார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பட்டனக்காவுக்கும் சிரிப்பு வந்தது. எட்டு நாளில் அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

"எந்த நிலமையில இருக்கு?"

"உடம்பு தச்சாச்சு. கை ரெண்டும் தச்சாச்சு, உடம்புல ஏத்தல, தனியா இருக்கு. முன்பக்கம் காஜா நான் எடுத்தாச்சு. கழுத்து தைக்கல. காலரத்தான் நாங்க கழுத்தும்போம். காலருக்குள்ள வைக்கற கேன்வாஸும் துணியும் பின் குத்தி வச்சிருக்கு. மேல அவர் கையால துண்டுச்சீட்டு இருக்கும், ஆபீசர் பேரு, வெட்டின தேதி, 'கழுத்து பாக்கி'ன்னு."

வக்கீலம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அக்கா, இத ஏன் முதல்லயே சொல்லல! இதுதான் நமக்கு இருக்கற ஒரே ஆதாரம். போன்ல அவர் சொன்னது வரிக்கு வரி அந்தத் துணியில இருக்கு. பதினெட்டாம் தேதி ஜாமீன் மனு வருது. அன்னைக்கு அதக் குறையில்லாமக் கொண்டு வந்துடுங்க. ஒரு சின்னக் குறைகூட இருக்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா. ஒரு குறையும் இருக்காது."

இடையில் பத்து நாள் இருந்தது. துணியோடு கூட, மாஸ்டரிடம் தைத்தவர்கள் நாலு பேர் எழுதிக் கொடுத்தால் நல்லது என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அவள் வீடு வீடாகப் போனாள். மழை விட்டு, புழுக்கம் பிடித்துக்கொண்ட நாட்கள். ஹெட்மாஸ்டர் வீட்டில் இல்லை என்றார்கள். செருப்பு வாசலில் கிடந்தது. டாக்டரம்மா அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்து, கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசாமல் அனுப்பினார். டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எனக்கு மனசே ஆறல. மாஸ்டர் மாதிரி மனுஷனுக்கா இப்படின்னு தினம் நெனச்சுக்கறேன்."

"ரெண்டு வரி எழுதிக் குடுங்க டீச்சர். அந்தக் கடையில இப்படித்தான் பேசுவாங்கன்னு."

டீச்சர் மேசை விரிப்பின் ஓரத்தை நீவினார்.

"நான் கவர்மெண்ட் வேலை. கையெழுத்துப் போட்டா என் பேரு அவங்க லிஸ்ட்ல போயிடும்."

"உங்க பேரு ஏற்கனவே அவங்ககிட்ட இருக்கு டீச்சர். நோட்டுல ஏழாம் பக்கம். மார்பு முப்பத்தாறு, தோள் பதினாலரை."

டீச்சருக்கு முகம் வெளுத்தது. பயமுறுத்தச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். பட்டனக்கா உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு டீச்சர் அவளைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

தண்ணீர்க் குழுவிலிருந்து அவளை யாரோ நீக்கியிருந்தார்கள். குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது என்று தெரியாமல், வெறுங்குடத்தோடு வாசலில் நிற்பாள். போகிற வருகிற முகங்களைப் பார்ப்பாள். இவரா? இவளா? சிரிப்புப் பொம்மை போட்ட மூன்று பேரில் ஒருத்தரா? முன்பெல்லாம் எல்லாரும் அவளுக்கு மனிதர்களாக இருந்தார்கள். இப்போது எல்லாரும் அந்த ஒருவராக இருக்கலாம்.

வீட்டுக்குள் மகள் காவல் காத்தாள். பத்தாம் வகுப்பு. போன் மேசை மேல் இருந்தால் வாய்மேல் விரல் வைப்பாள்.

"டேய் தம்பி, அந்தக் காய வெட்டிக் குடு" என்றால் போதும்.

"அம்மா!"

"காய்டி. கத்தரிக்காய்."

"நறுக்குன்னு சொல்லு."

"நறுக்குன்னா மட்டும் என்ன, காயம் படாதா?"

"சிரிக்காதம்மா. அப்பாவும் சிரிச்சுட்டுத்தான் போனார்."

பதினைந்தாம் தேதி காலை, பட்டனக்கா பீரோவைத் திறந்து பொட்டலத்தை எடுத்தாள். ஈரக் காலத்தில் துணி லேசாக மக்கின வாசனை அடித்தது. ஜமுக்காளத்தின் மேல் துண்டு துண்டாகப் பரப்பிப் பார்த்தாள். உடம்பு ஒரு பக்கம், கை இரண்டும் ஒரு பக்கம், கழுத்துக்கு வெட்டின மூன்று துண்டு. அவர் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் அப்படியே இருந்தன. நேராக, நடுங்காமல்.

இப்படியே கொண்டுபோய் நீதிபதி மேசையில் வைப்பதா? முடிக்காத வேலைக்கு இந்தத் தொழிலில் குறை வேலை என்று பேர். காலர் இல்லாமல், கை ஏற்றாமல், பின் குத்தி, சீட்டுத் தொங்க ஒரு சட்டையை வாசலைத் தாண்டி வெளியே விட்டதாக மாஸ்டர் சரித்திரத்தில் கிடையாது. குறையில்லாமல் கொண்டுவா என்று வக்கீலம்மா தெளிவாகச் சொல்லியிருக்கிறார், அதுவும் இரண்டு தரம். இப்படி நேர்த்தியாகத் தைக்கிறவன் கையா ஒரு மனுஷனை வெட்டப் போகிறது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும். அதற்குத்தான் கேட்டிருக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"தம்பி, மிஷினுக்கு எண்ணெய் விடு."

"எதுக்குக்கா?"

"ஆபீசர முடிக்கணும்."

மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். "இத நாம தைக்கலாமாம்மா?"

"நாம தைக்காம யாரு தைக்கறது? வக்கீலம்மாவே சொல்லிட்டாங்க."

வாரக்கணக்கில் வேலையில்லாமல் இருந்த வீடு அது. எண்ணெய் இறங்கினதும் கால் மிஷின் பழைய சத்தத்துக்கு வந்தது. தம்பி முதலில் கை இரண்டையும் ஏற்றினான். கால் நடுக்கத்தால் ஒரு தையல் கோணிவிட்டது. பிரித்து மறுபடி போட்டான். இரண்டாம் முறை நடுக்கம் இல்லை. கேன்வாஸை வைத்து அயர்ன் போட்டு ஒட்டி, காலரைத் தைத்து, தையலுக்கு வெளியே மிச்சத் துணியைக் கத்தரித்து, உள்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பினான். பட்டனக்கா தடித்த ஊசியால் இரண்டு முனையையும் உள்ளிருந்து மெல்லத் தள்ளி எடுத்தாள். முனை கூராக நிற்க வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. அதுதான் கழுத்து வேலையின் உயிர். பிறகு தம்பி காலர்ப் பட்டையின் நடுவையும் முதுகின் நடுவையும் ஒன்றாகப் பிடித்து ஒரு சுற்று தைத்தான். எடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு முனையும் ஒரு நூல் வித்தியாசம் இல்லாமல் எதிரெதிரே நின்றன.

"மாமா பாத்தா ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றான் தம்பி.

"சொல்ல மாட்டார்னா அவர் பாராட்டறார்னு அர்த்தம்."

பட்டன் கட்டினாள். தண்ணீர் தெளித்துத் தேய்த்தாள். சுண்ணாம்புக் கோடுகள் ஒன்று விடாமல் போயின. பின்களையெல்லாம் பிடுங்கி டப்பாவில் போட்டாள். துண்டுச்சீட்டு நூல் குப்பையோடு முறத்தில் சேர்ந்து அடுப்புக்குப் போனது. வேலை முடிந்தால் சீட்டைக் கிழித்துப் போடுவதுதானே வழக்கம். சட்டையை மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள். அன்றைக்கு மூன்று பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பதினெட்டாம் தேதி கோர்ட்டில், தம்பி மரத்தடியிலேயே நின்றுகொண்டான். பட்டனக்கா மட்டும் உள்ளே போனாள். பின்வரிசையில் இரண்டு காவலர்களுக்கு நடுவில் மாஸ்டர் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. அவள் கையிலிருந்த வெள்ளைப் பொட்டலத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பேச விடவில்லை. மனுவைக் கூப்பிட்ட பிறகுதான் பொட்டலம் வக்கீலம்மா கைக்குப் போனது. காலையில் வேறொரு கோர்ட்டில் மாட்டிக்கொண்டு அவர் ஓடி வந்திருந்தார். பிரித்துப் பார்க்க நேரம் இல்லை.

"போன்ல பேசினது முழுக்க ஒரு சட்டையைப் பத்தினது. அந்தச் சட்டை இதோ இருக்கு. உடம்பு, கை, எல்லாம் அவர் சொன்னபடியே. கழுத்து தைக்காம…" என்று பேசிக்கொண்டே பிரித்தார்.

சட்டை மேசைமேல் விரிந்தது.

அரசாங்க வக்கீல் வயதானவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். காலரைத் தடவினார். ஏளனம் இல்லாமல்தான் சொன்னார்: "கழுத்து இருக்கே."

"இது… பிறகு தச்சிருக்காங்க."

"பிறகுன்னா எப்ப? கைது பண்ணி எத்தனை நாள் கழிச்சு? கழுத்து பாக்கின்னு அவர் சொல்லியிருக்கார். இதுல பாக்கி எதுவும் இல்ல. அப்ப அவர் சொன்னது எந்தக் கழுத்து? இல்ல, வழக்குக்காகவே புதுசா ஒரு சட்டை தச்சுக் கொண்டு வந்திருக்காங்களா?"

"சீட்டு இருக்கு. அவர் கையெழுத்துல தேதி போட்ட சீட்டு" என்று வக்கீலம்மா திரும்பிப் பட்டனக்காவைப் பார்த்தார்.

பட்டனக்கா எழுந்து நின்றாள். "வேலை முடிஞ்சதும் கிழிச்சுட்டோம்மா" என்றாள்.

நீதிபதி சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். "வேலை நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு குனிந்து எழுதினார். காவல் இன்னும் தொண்ணூறு நாள். சட்டையை வழக்குப் பொருளாக எடுத்து, சாக்குப் பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கு வைத்தார்கள். பை வாயில் பிதுங்கி நின்ற காலர் மேல் அரக்கு ஒரு சொட்டு விழுந்தது. பட்டனக்கா தன்னையறியாமல் "ஐயோ" என்றாள்.

தாழ்வாரத்தில் வக்கீலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அழுதது அவர்தான்.

"குறையில்லாமன்னா, எந்தத் துண்டும் விட்டுப் போகாமன்னு சொன்னேன்க்கா. சீட்டு, பின், கோடு, எல்லாத்தோடயும்னு."

"எங்ககிட்ட குறைன்னா முடிக்காத வேலைம்மா."

"நான் தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

"நான் கேட்டிருக்கணும். விடுங்க. உங்க மேல தப்பில்ல."

"மேல் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா இந்தச் சட்டை அங்கயும் நமக்கு எதிராத்தான் நிக்கும்." வக்கீலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிறையில் பார்க்கப் பதினெட்டு நாள் கழித்து அனுமதி வந்தது. இந்தச் சட்டத்தில் உள்ளவர்களுக்குத் தனி அறை. நடுவில் இரண்டு அடுக்குக் கம்பிவலை, இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. ஓரத்தில் மேசை போட்டு ஒரு காவலர் உட்கார்ந்திருந்தார். இருவரும் பேசுவதை எழுத வேண்டியது அவர் வேலை. பத்து நிமிஷம்.

"மெதுவாப் பேசுங்க. எனக்கு வேகமா எழுத வராது" என்றார் காவலர். நல்ல மாதிரி ஆள்தான்.

"சாப்பிடறீங்களா?" என்றாள் பட்டனக்கா.

"சாப்பிடறேன். பாப்பா?"

"பள்ளிக்கூடம் போறா."

"தம்பி?"

"இருக்கான்."

காவலரின் பேனா அவர்கள் பின்னாலேயே வந்தது. அது வந்து சேரும்வரை இருவரும் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். மாஸ்டர் முன்னால் சாய்ந்தார்.

"அந்த ஆபீ…" என்று தொடங்கி விழுங்கினார். "அந்தச் சட்டை. கோர்ட்ல தூரத்துலேருந்து பாத்தேன். அத…" வார்த்தைக்காகத் தேடினார். முப்பது வருஷமாக வாயில் புழங்கின சொற்களில் ஒன்றைக்கூட அங்கே எடுக்க முடியவில்லை. "அதுக்கு மேல்வேலை யாரு?"

"தம்பி."

"சுத்தி வரும்போது நடு பிடிச்சானா?"

"பிடிச்சான்."

"முனை ரெண்டும் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

மாஸ்டரின் முகத்தில் ஒரு கணம் திருப்தி வந்தது. பெஞ்சில் ஆட்கள் காத்திருக்க, தேய்த்த சட்டையை உதறிப் பார்க்கும்போது வருமே அந்தத் திருப்தி. பிறகு அந்த முனை நின்றதால் தனக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்கு நினைவு வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து வந்திருந்தாள். எதற்கு என்று சொன்னால் அதையும் எழுதுவார்கள்.

"அழாத" என்றார் அவர்.

"அழல."

"முனை நின்னுச்சுன்னா என்ன அர்த்தம்?" என்று காவலர் தலை நிமிராமல் கேட்டார்.

"காலர் சார். சட்டைக் காலரோட முனை" என்றாள்.

"ஓ." எழுதினார்.

பேனா காத்திருந்தது. வெளியே எங்கோ தண்ணீர்ப் பம்பு ஓடுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பார்வை இடுப்பில் வந்து நின்றது. கண்கள் கலங்கின.

"ஒண்ணரை" என்றார்.

அவளுக்குப் புரிந்தது. "சரியாயிடும்" என்றாள்.

காவலர் நிமிர்ந்தார். "என்ன ஒண்ணரை?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லன்னு எழுத முடியாதும்மா. ஒண்ணரைன்னு சொன்னார், நீங்க சரியாயிடும்னு சொன்னீங்க. என்னது சரியாயிடும்? மணியா? தேதியா?"

"இடுப்பு சார். நான் ஒண்ணரை இஞ்ச் இளைச்சிருக்கேன்னு சொல்றார். டேப் இல்லாமலே பாத்துச் சொல்லிடுவார்."

காவலர் அவளைப் பார்த்தார். அவள் இடுப்பைப் பார்க்கப் போய், கூச்சப்பட்டுப் பார்வையை விலக்கிக்கொண்டார். பேனாவின் பின்பக்கத்தால் காதைச் சொறிந்தார்.

"நான் நம்பறேம்மா" என்றார். "ஆனா இடுப்புன்னு அவர் சொல்லலையே. சொன்னத மட்டும்தான் நான் எழுதலாம்."

எழுதினார். பக்கத்தில் மணியையும் போட்டார், பதினொன்று இருபது. அதன் கீழே ஒரு கோடு இழுத்து, "அர்த்தம் விளங்கவில்லை, மேல் விசாரணைக்கு" என்று எழுதுவது தலைகீழாகவே பட்டனக்காவுக்குத் தெரிந்தது.

மாஸ்டர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். காவலர் புது வரியில் பேனாவை ஊன்றிக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தது.